ட்ரெய்லரில் ஒரு தப்பு

சாகாத ஒருவருக்காக ஒரு தேயிலைத் தோட்டத்தையே துக்கம் விசாரிக்க வாசலுக்கு வரவைத்தவன் நான். பெருமைப்பட ஒன்றுமில்லை. போன வாரம் எழுதிய கல்யாண வீடியோக் கதைகளைப் படித்துவிட்டு இரண்டு மூன்று பேர் கடைக்கே வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தைரியத்தில் இந்த வாரம் மானம் போன கதையைச் சொல்கிறேன்.

றொசல்லை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் வரும் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மழை விட்டு, லயத்து வரிசை வீடுகளின் தகரங்களிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கோயில் திருவிழாவுக்குக் கட்டிய இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை இன்னும் கழற்றியிருக்கவில்லை. நாங்கள் எடுத்த படத்தின் ட்ரெய்லரை முந்தின வாரம்தான் வெட்டி முடித்திருந்தேன். படத்தின் டைரக்டர் சேவியர், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது பள்ளிக்கூட வாத்தியார். “ஒருக்கா பெரிசா வச்சுக் கேட்டுப் பாப்பமேடா” என்றான். லெப்டொப் வயரை ஸ்பீக்கரில் செருகினேன்.

தப்பு அடி கிளம்பியது. முதலில் நிதானமாக, பிறகு வேகமெடுத்து, மலை மலையாக இடித்துக்கொண்டு போனது. எனக்குப் புல்லரித்தது. கொழும்பில் ஒலிக் கலவை செய்து தந்த பையன்கூட “மாஸ் அண்ணே” என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். ஆட்கள் ஓடி வந்து கைதட்டப் போகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஆட்கள் வரத்தான் செய்தார்கள். லயத்துக் கதவுகள் வரிசையாகத் திறந்தன. கைதான் தட்டவில்லை. ஒருவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அகப்பையும் கையுமாக வந்த ஒரு அம்மா, பக்கத்து வீட்டுக்காரியின் காதில் ஏதோ கேட்டார். அவருக்கும் தெரியவில்லை போல. அகப்பைக்கார அம்மா மெதுவாக என்னிடம் வந்தார்.

“யாருங்க தம்பி தவறிட்டாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் கீழே தண்ணீர்ப் பீலிப் பக்கமிருந்து புஷ்பம் அக்கா ஓடி வந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த கை, முழங்கை வரை சவர்க்கார நுரை. ஒரு காலில்தான் செருப்பு. எங்கள் படத்தின் கதாநாயகி அவர்தான். அவருடைய மாமியார் நாலு நாளாக டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“எங்க அத்தையா? போயிட்டாங்களா? மறைக்காம சொல்லிருங்க தம்பி.”

ட்ரெய்லர் முடிந்து ஸ்பீக்கர் அடங்கியது. அக்கா ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லெப்டொப்பில் நின்றுபோயிருந்த தன் முகத்தையே பார்த்தார். எனக்கு விளங்குவதற்கு முந்தி அவருக்கு விளங்கிவிட்டது.

“சாவு அடியையா எம் மூஞ்சிக்குக் கீழ போட்டிருக்க?”

அதுவரைக்கும் என்னை ‘நீங்க’ என்று பேசியவர் அவர். அந்த மரியாதை அன்றோடு போனது, இன்று வரை திரும்பி வரவில்லை.

தப்பு என்றால் எங்களுக்கு மேளம். தமிழில் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. அன்றைக்கு இரண்டும் ஒன்றாகவே எனக்கு வாய்த்தன.

இரண்டரை நிமிஷத் தொழில்

முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காக. ஹட்டன் டவுனில் எனக்கு ஒரு வீடியோ ஸ்டூடியோ. கல்யாணம், சடங்கு, பிறந்தநாள், சாவு எல்லாவற்றுக்கும் போவேன். சாவுக்குமா என்று முகம் சுளிக்க வேண்டாம். மகன் டோஹாவில், மகள் கனடாவில் என்று ஆகிவிட்ட பிறகு, அப்பனின் கடைசிப் பயணத்தைப் பார்க்க அவர்களுக்கு என் கேமராவை விட்டால் வேறு வழியில்லை.

அப்படி எடுத்த ஏதோ ஒரு ஊர்வலத்தின் சத்தம் மட்டும் ‘தப்பு மூன்று’ என்ற பெயரில் என் கம்பியூட்டரில் தனியாகக் கிடந்தது. சந்தி வந்ததும் அடி வேகமெடுக்கும் இடம். படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டால் போருக்குப் போகிற மாதிரி இருந்தது. எடுத்துப் போட்டுவிட்டேன். தோட்டத்தில் பிறந்தவன்தான் நான். ஆனால் ஐந்து வயதில் டவுனுக்கு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று இருப்பது தெரியும். எது எது என்று காது பிரித்துச் சொல்லாது. லயத்தில் இருக்கிற சின்னப் பிள்ளை சொல்லும்.

படத்தின் பெயர் ‘எட்டாம் நம்பர் மலை’. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே போட்டு அனுப்புகிற ஒரு தோட்டம். இனிமேல் ஒரு ஆளைக்கூட அப்படி ஏற்றவிட மாட்டோம் என்று பெண்கள் வேலைக்குப் போகாமல் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். விடியக்காலையில் எல்லோரையும் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்தான் பெரட்டுக்களம். மூன்றாம் நாள் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை பங்களாவை விட்டு இறங்கி வருகிறார். பெண்கள் ஜெயிக்கிறார்கள்.

இது சேவியர் மூளையில் உதித்த கதை இல்லை. சில வருஷங்களுக்கு முந்தி அதே தோட்டத்தில் நடந்தது. அன்றைக்கு முன்னால் உட்கார்ந்தவர் புஷ்பம் அக்கா. படத்திலும் அவரே நடிக்கட்டும் என்று சேவியர் போய்க் கேட்டான். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“அழுகுற சீன் வேணாங்க சேர். நான் அழுகுற மாதிரி எங்கயும் தெரியக் கூடாது.”

நடிப்புக்குக் கூச்சப்படுகிறார் என்று சேவியர் நினைத்தான். காரணம் எனக்குத் தெரியும். அவனிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் கேமரா பிடித்தேன்.

படம் முடிந்தது. போட இடமில்லை. ஹட்டனில் ஒரே ஒரு மண்டபத்து முதலாளி மட்டும் காது கொடுத்துக் கேட்டார். இந்தியப் படம் ஓட்டும்போது இடைவேளையில் எங்கள் ட்ரெய்லரை ஒரே ஒரு தடவை போடுவாராம். சனம் படத்தைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை தருவாராம். கேட்காவிட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாதாம். ஆக, எல்லாமே அந்த இரண்டரை நிமிஷத்தில் நின்றது. சேவியருக்குப் போனால் ஒரு படம் போகும். புஷ்பம் அக்காவுக்குப் போவது அதைவிடப் பெரியது. அதற்குத்தான் வருகிறேன்.

பனியில் நடந்த வாத்தியார்

இந்தத் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கண் படத்தைப் பார்க்கும். அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைக்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும்.

சேவியர் இதை நம்பவில்லை. அவனே ஒரு நாள் பனிக்குள் ரோட்டில் நடந்து வந்ததை எடுத்து வைத்திருந்தேன். குடை, பை, ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. அதற்குக் கீழே புல்லாங்குழல் போட்டுக் காட்டினேன். வேலை போய், வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வருகிற மனுஷன். அதே படத்துக்கு அடிவயிறு அதிர்கிற மாதிரி ஒரு ‘டொம்’ போட்டேன். பையில் துப்பாக்கி இருக்கிறது. மூன்றாவதாகக் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வைத்திருந்த ஒரு குதிக்கிற சங்கீதத்தைப் போட்டேன். இப்போது வழுக்கி விழப் போகிறான் என்று எங்கள் கடைப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சேவியருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்துக்குத்தானேடா போனேன் என்றான்.

அதுதான் விஷயம். அவன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனான். ஆனால் அதை யார் கேட்கிறார்கள்?

நாலு லேஞ்சி

எனக்கு முதல் ட்ரெய்லர் ஒரு வேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது டவுனில் புதுப் படம் வந்தால், கூரையில் ஒலிபெருக்கி கட்டிய வேன் தோட்டந்தோட்டமாக வரும். உள்ளே உட்கார்ந்து பேசுகிறவருக்கு ஒரே ஒரு குரல்தான். நடுங்கும் குரல். சண்டைப் படமானாலும் பேய்ப் படமானாலும் “தாய்மார்களே, கண்ணீரில் நனைய வாருங்கள்” என்று அதே நடுக்கத்தோடுதான் கூப்பிடுவார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, கண் துடைக்க லேஞ்சி நாலு எடுத்து மடித்து வைப்பார். அப்படிப் போன ஒரு படம் முழுக்க நகைச்சுவை. அம்மாவுக்குப் படம் பிடிக்கவே இல்லை. “அழுகவே உடல” என்று வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வேன்காரரின் வாரிசு நான்தான் என்று சொன்னால் பொய்யில்லை. என் கம்பியூட்டரில் ‘சோகம்’ என்று ஒரு பெட்டி இருந்தது. ஏழெட்டுப் புல்லாங்குழல், கொஞ்சம் வயலின், மழைச் சத்தம், தூரத்தில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம். கொழும்பிலிருந்து யார் வந்து மலையகத்தைப் பற்றி ஐந்து நிமிஷப் படம் கேட்டாலும் அதைத்தான் திறப்பேன். பனி, வெறுங்கால், கூடை சுமந்த முதுகு, புல்லாங்குழல். பார்க்கிறவர்கள் ‘ச்சே, பாவம்’ என்பார்கள். அந்த ‘பாவம்’ வந்துவிட்டால் வேலை முடிந்தது. எனக்கு அடுத்த வேலையும் வரும்.

நாங்கள் பாவமா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மழையைத் துடைத்த கை

நிஜப் போராட்டத்தின் மூன்றாம் நாள் நான் அங்கே இருந்தேன். டிவிக்காரர்கள் சிலர் என்னைப் பிடித்து, கேமராவோடு போய் எடுத்து, அரை நிமிஷமாக வெட்டி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நல்ல மழை. நூறு பெண்களுக்கு மேலே பெரட்டுக்களத்தில், தலையில் பிளாஸ்டிக் சீலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பம் அக்கா எழுந்து நின்றார். முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரை உள்ளங்கையால் வழித்து உதறினார். கேமரா நனையாமல் பிடிக்கிற அவசரத்தில் நான் கவனித்தது அவ்வளவுதான்.

டவுனுக்கு வந்து வெட்ட உட்கார்ந்தேன். போன் வந்தது. செய்தி கொஞ்சம் உருக்கமாக இருந்தால் நல்லது என்றார்கள். எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? அந்தக் கை முகத்தைத் துடைக்கிற இடத்தைப் பாதி வேகத்தில் ஓட்டினேன். களத்துச் சத்தத்தை முழுசாக அணைத்தேன். பெட்டியிலிருந்து ஒரு புல்லாங்குழலை எடுத்துக் கீழே விட்டேன். மழைத் தண்ணீர் கண்ணீராகிவிட்டது. பத்தே நிமிஷ வேலை.

இரவுச் செய்தியில் போனது. மறுநாள் எல்லோருடைய போனிலும் வந்தது. பெண்கள் ஜெயித்தார்கள், துரை கையெழுத்து வைத்தார், நோயாளிக்கென்று தனி வாகனம் வந்தது. அதெல்லாம் எந்தப் போனிலும் வரவில்லை. ஊர் உலகத்துக்குத் தெரிந்தது அழுதுகொண்டு நின்ற ஒரு கொழுந்துக்காரி மட்டும்தான்.

அக்காவுக்கு ஒரே மகள், தர்ஷினி. இப்போது உயர்தரம், ஏ.எல். படிக்கிறாள். அந்த வீடியோ வந்தபோது அவள் படித்த வகுப்பில் அவளைக் கண்டால் யாராவது மூக்கை உறிஞ்சி அழுகிற மாதிரி காட்டுவார்களாம். பிள்ளை வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவோடு டவுனுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். வந்தாலும் நாலு எட்டு முந்திப் போவாள். இதெல்லாம் படப்பிடிப்பு நாட்களில் அக்கா எனக்குச் சொன்னவை. ஹட்டனில் அத்தனை சனத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது தான் ஜெயித்த முகத்தை மகள் பார்க்க வேண்டும், அதற்குத்தான் இந்த வயசில் நடிக்க வந்தேன் என்றார். அந்த வீடியோவைச் செய்தவன் எவனோ, அவன் கையில் புற்று வைக்க என்றும் சொன்னார்.

நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்

இப்போது புரிந்திருக்கும், ஏன் அந்த ட்ரெய்லருக்குப் புல்லாங்குழல் வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன் என்று. சேவியர் முதலில் கேட்டது புல்லாங்குழல்தான். கஷ்டத்தைக் காட்டினால்தான் சனம் வரும் என்றான். முடியவே முடியாது, வீரமாக ஒன்று போடுகிறேன் பார் என்று சவால் விட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆன கதையைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். முதல் தடவை அழவைத்தேன். இரண்டாவது தடவை கொன்றே போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சவர்க்காரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எம் மூஞ்சிய எடுத்துரு. ட்ரெய்லரும் வேணாம், படமும் வேணாம். இன்னொருக்கா என்னைய வச்சு யாரும் எதுவும் காட்ட வேணாம்.”

சேவியர் கெஞ்சினான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பீலிக்கு இறங்கிப் போனார். கூடியிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குள் போனார்கள். தலைத்துவாயை அவிழ்த்தவர் மட்டும் என் பக்கத்தில் வந்து, அடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிணம் இல்லையே தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேத்தண்ணி வாளி

அன்று ஸ்டூடியோவுக்கு வந்ததும் பழைய டிஸ்குகளை இழுத்துப் போட்டுத் தேட ஆரம்பித்தேன். எதற்கென்று கேட்டால் நேர்மையான பதில் இல்லை. குற்ற உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். போராட்டத்து டிஸ்க் அலுமாரிக்கு அடியில் கிடந்தது. ஓடவிட்டேன். இந்தத் தடவை சத்தத்தை அணைக்கவில்லை.

மழை பிளாஸ்டிக் சீலைகளில் படபடவென்று விழுகிற சத்தம். அதற்கு மேலே, யாரோ தகரத்தில் தட்டுகிறார்கள். படத்தை நன்றாகப் பார்த்தேன். ஒரு வயசான அம்மா தேத்தண்ணி கொண்டுவந்த வெறும் வாளியைக் கவிழ்த்து வைத்து, இரண்டு குச்சியால் அடிக்கிறார். ஒரே சீரான அடி, விட்டு விட்டு, கூப்பிடுகிற மாதிரி. மற்றப் பெண்களும் கையில் கிடைத்ததை எடுத்து அதே அடியைத் தட்டுகிறார்கள். எல்லோர் முகமும் துரை பங்களாப் பக்கம். புஷ்பம் அக்கா எழுந்து நின்று பங்களாவைப் பார்த்து ஏதோ கத்துகிறார். களமே சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டேதான் முகத்து மழையை வழித்து உதறுகிறார்.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிற வாயும் அழுகிற வாயும் பாதி வேகத்தில் ஓடினால் ஒன்றுபோலத்தான் தெரியும். அதை நான் அன்றே பார்த்திருக்க வேண்டும். சத்தத்தைத்தான் முதலிலேயே அணைத்துவிட்டேனே.

மறுநாள் வேலை விடுகிற நேரத்துக்கு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். மாமியாரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டார்கள். உள்ளே இருந்து அவருடைய இருமலைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. தர்ஷினி மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னேன். “அக்கா, அந்த டிவி வீடியோவச் செஞ்சது நான்தான்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. இத்தனை நாளும் எங்க வீட்டுத் தேத்தண்ணியக் குடிச்சியே என்றார். ஆமாம் என்றேன். அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தார். ஒரு கால்மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் பரம்பரையில் யாரும் மிஞ்சவில்லை. அத்தனைக்கும் நான் தகுதியானவன்தான், ஒரு வார்த்தைகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் லெப்டொப்பைத் திறந்து, இயர்போனை நீட்டினேன்.

ஒரு காதில் மாட்டிக்கொண்டார். முகம் மாறியது. இன்னொன்றை எடுத்து, கேட்காமலே மகளின் காதில் செருகினார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். சிரிக்கிற இடம் வந்தது.

தர்ஷினிதான் முதலில் பேசினாள். “அம்மா, அன்னைக்கு நீங்க அழுகலயா?”

“நாந்தான் அப்பவே சொன்னேன்ல.”

“டிவியில அழுதீங்களேன்னு…” என்று இழுத்தாள் பிள்ளை.

பெற்ற தாய் வாயால் சொன்னதை நம்பவில்லை, நான் போட்ட புல்லாங்குழலை நம்பியிருக்கிறது பிள்ளை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

துரைக்குப் பெரட்டு

வாளியில் அடிப்பது என்ன அடி என்று கேட்டேன். இது தெரியாதா என்கிற மாதிரி பார்த்தார் அக்கா. பெரட்டு அடி. இப்போது சங்கு ஊதுகிறார்கள். அவருடைய சின்ன வயசில் விடியக்காலை இருட்டில் தப்படித்துத்தான் வேலைக்குக் கூப்பிடுவார்களாம். அந்த அடி கேட்டால் பிள்ளையைத் தொட்டிலில் போட்டது போட்டபடி களத்துக்கு ஓட வேண்டும். பிந்திப் போனால் கங்காணி முழுநாள் வேலை தர மாட்டார், பாதி நாள்தான் பதிவார். அதற்குப் பெயர் அரைப்பேர்.

மூன்று நாளாகத் துரை பங்களாவை விட்டு இறங்கவில்லை. அந்த வாளிக்கார அம்மாவுக்குத்தான் யோசனை வந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க நம்மைத்தானே பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள், இன்றைக்கு நாம் துரையைக் கூப்பிடுவோமே என்று வாளியைக் கவிழ்த்திருக்கிறார்.

“நீங்க என்னாக்கா கத்துனீங்க?”

அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. தர்ஷினி இயர்போனைக் கழற்றிவிட்டு, ஒலியைக் கூட்டி, அந்த இடத்தை மறுபடி ஓட்டினாள். மழைக்குள் அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது.

“பெரட்டுக்கு வாங்க தொரை! லேட்டா வந்தா அரைப்பேருதாங்க!”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளே இருந்து மாமியார், என்னாடி சத்தம் என்று இருமலுக்கு நடுவே கேட்டார். அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதப் போடு. வேற ஒன்னும் சேக்காத.”

அதையே செய்தேன். மூன்று நாள் உட்கார்ந்து வெட்டினேன். திரை இருட்டாகத் தொடங்கும். மழை. வாளி. அடிக்கு ஒரு படமாக நாங்கள் எடுத்தவை வரும்: கொழுந்துச் சாக்குக்கு நடுவே ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் கை, மூடின பங்களாக் கேட், களத்தில் உட்கார்கிற முதல் பெண், இரண்டாவது பெண், நூறாவது பெண். அடி கூடிக்கொண்டே போகும். கடைசியில் நிஜக் களம், நிஜக் குரல், அதே வேகம், அதே சிரிப்பு. சங்கீதம் என்று ஒரு துளி கிடையாது. சேவியர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இது படத்தைவிட நல்லா இருக்கேடா என்று வயிற்றெரிச்சலோடு சொன்னான்.

இடைவேளை

மண்டபத்தில் அன்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். எங்களுக்காக இல்லை, இந்தியப் படத்துக்காக. பண்டிகைக்கு முந்தின ஞாயிறு. தோட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியிருந்தார்கள். அக்காவும் மகளும் நடுவரிசையில். நானும் சேவியரும் கதவோரம் நின்றோம். யார் செத்தது என்று ஒரே ஒரு ஆள் கேட்டால் போதும், யாத்திரைக்காரர் வருகிற நல்லதண்ணிப் பக்கம் போய்க் கடலை விற்பது என்று முடிவு செய்திருந்தேன்.

இடைவேளை. பாதிப் பேர் எழுந்து வடை வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். விளக்கு திடீரென்று அணைந்தது. இருட்டுக்குள் மழை பெய்தது. வாளி அடித்தது.

போனவர்கள் நின்றார்கள். முன்வரிசையில் ஒரு வயசான குரல், “பெரட்டு அடிக்கிறாங்கடியோவ்” என்றது. சிரிப்பு. பிறகு சிரிப்பு அடங்கியது. லொறி வந்தது, சாக்குக்கு நடுவே அந்தக் கை வந்தது. முதல் பெண் உட்கார்ந்தாள். இரண்டாவது பெண். எங்கோ பின்னால் ஒருவர் நாற்காலிக் கையில் வாளியோடு சேர்ந்து தட்டத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, எது சனத்திடமிருந்து வருகிறது என்று எனக்கே தெரியவில்லை.

“லேட்டா வந்தா அரைப்பேருதாங்க!”

கூரை போய்விடும் என்று நினைத்தேன். அப்படி ஒரு சத்தத்தை நான் பெரிய நடிகர்களின் படத்துக்குக்கூடக் கேட்டதில்லை. வடைத் தட்டோடு நின்றவர் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூவினார். இன்னொருக்கா, இன்னொருக்கா என்று மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. முதலாளி தள்ளுமுள்ளுக்குள் என்னிடம் வந்து, ஞாயிறு ஒன்று போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று காதில் கத்திவிட்டு, மறுபடி போடச் சொல்ல ஓடினார்.

இரண்டாம் தடவை ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை. புஷ்பம் அக்காவும் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் தர்ஷினி நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத விசில். அக்கா தலையை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கச் சொல்லவும் இல்லை.

பின்வரிசையில் இருந்து யாரோ ஒரு பெரியவர் எட்டி, அவள் முழங்கையைத் தட்டிக் கேட்டார், படத்துல வர்ற அந்தம்மா யாரு பாப்பா என்று. அவள் விசிலை நிறுத்த மனமில்லாமல் விரலோடு ஏதோ சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை, காதைச் சாய்த்துக்கொண்டு மறுபடி கேட்டார்.

விரலை எடுத்துவிட்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

“எங்கம்மாங்க.”